நான்கு டிகிரி

அந்தக் காரின் இடது முன்சக்கரத்துக்கு அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று இருந்தது. திரையில் படத்தை நன்றாகப் பெரிதாக்கினால்தான் தெரியும். சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் நிழல் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. இந்த ஒரு சக்கரத்தின் வெளி விளிம்பில் மட்டும், ரப்பருக்கும் தரைக்கும் நடுவே, பின்னால் வைத்திருந்த விளக்கின் ஒளி கசிந்தது.

நான் அதைச் சரிசெய்தேன். சரிசெய்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பல ஆண்டுகள் ஒரு நாளிதழின் படப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அங்கே ஒரு விதி உண்டு. படத்தின் ஓரங்களை வெட்டலாம், கொஞ்சம் வெளுப்பாக்கலாம், கொஞ்சம் கறுப்பாக்கலாம். உள்ளே இருக்கும் எதையும் நகர்த்தக் கூடாது. விழா மேடை ஒன்றில் பேச்சாளரின் காதுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மைக் கம்பியை அழித்த ஒருவரை இரண்டு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார்கள். மனைவிக்குக் கொல்லிமலையில் அரசுப் பணி மாற்றல் வந்தபோது வேலையை விட்டுவிட்டு நானும் மேலே வந்தேன். வாழவந்தி நாடு என்ற ஊரில் வாடகை வீடு. மின்சாரமும் இணையமும் சேர்ந்து இருக்கும் நேரங்களில் பொருட்களுக்குப் படம் செய்து தருகிறேன். கிரைண்டர், கதவுக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி. பொருளைக் கணினிக்குள் முப்பரிமாணத்தில் உருவாக்கி, இல்லாத ஸ்டுடியோவில் நிறுத்தி, இல்லாத விளக்குகளைப் போட்டு எடுக்கும் படங்கள். இந்த வேலைக்கு அப்படி விதி எதுவும் கிடையாது.

காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற நர்ஸ். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இளம் வயதில் மலைக்குப் பணிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். ஊரில் எல்லோருக்கும் சிஸ்டரம்மா. கணவர் இறந்த பிறகு காரை யாரும் ஓட்டவில்லை. மாதம் ஒரு முறை யாராவது வந்து என்ஜினை மட்டும் ஓடவிட்டு அணைத்துவிட்டுப் போவார்கள். மகள் வீட்டுக்குப் போய்விட முடிவு செய்திருந்ததால் கொட்டகையைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

“போன்ல நாலு போட்டோ எடுத்துப் போட்டேன் தம்பி. ஒருத்தரும் கேக்கல. ஒரு ஆளு மட்டும் இது என்ன கோழிக்கூண்டான்னு கேட்டான்.”

“கொட்டகையில வெளிச்சமே இல்லையே சிஸ்டர்.”

“அதான் உங்கிட்ட வந்தேன். அவரு ஓட்டுன காலத்துல எப்படி இருந்ததோ, அப்படி ஒரு படம் வேணும்.”

வாங்குகிறவர்கள் காரை எப்படிக் கொண்டுபோவார்கள் என்று கேட்டேன்.

“எப்படிக் கொண்டுபோவாங்க? ஓட்டித்தான். வந்ததும் ஓட்டித்தானே வந்தது. மெக்கானிக் வந்து பாத்துட்டான். என்ஜின் கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டான்.”

சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரை கீழே இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மெக்கானிக் என்ஜினை மட்டும்தான் பார்த்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அறுபதுகளில் செய்த கார். உருண்டை மூக்கு, கரும்பச்சை உடல், வெண்ணெய் நிறத்தில் கூரை. தகரக் கொட்டகைக்குள் இடது பக்கம் சுவரை ஒட்டி நின்றது. சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் இடைவெளி. அதிலும் பாதியை மிளகு மூட்டைகள் அடைத்திருந்தன. கையில் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்து இருநூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். கணினி அந்தப் படங்களில் உள்ள பொதுவான இடங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தி, காரின் வடிவத்தைப் புள்ளிகளாகத் திருப்பித் தரும். வலது பக்கத்தில் புள்ளிகள் அடர்த்தியாக வந்தன. இடது பக்கத்தில், மூட்டைகள் மறைத்த இடங்களில், ஓட்டைகள் விழுந்தன. அவற்றை நானே நிரப்பினேன்.

பளபளப்பான பொருளுக்கு விளக்குப் போடுவது தனி வேலை. அது தன்னைக் காட்டாது. தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் காட்டும். ஆகவே காரைப் பார்த்து விளக்குப் போடுவதில்லை. காரில் எது பிரதிபலிக்க வேண்டும் என்று பார்த்துத்தான் போட வேண்டும். கூரைக்கு மேலே, கார் அளவுக்கு நீளமான ஒரு வெள்ளைச் செவ்வகத்தைத் தொங்கவிட்டேன். அதன் விளிம்பு முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒரே கோடாக ஓடும் வரை விரல்கடை விரல்கடையாக நகர்த்தினேன். அதற்கே ஒரு நாள் ஆனது. குரோம் முலாம் பூசிய பம்பர் முழு வெள்ளையாக வந்து அரிசி மாவு பூசியதுபோல இருந்தது. அதன் எதிரே இரண்டு கறுப்பு அட்டைகளை நிறுத்திய பிறகு அதற்கு ஓரங்கள் கிடைத்தன. பின்னால், தரையோடு தரையாக ஒரு நீள விளக்கு. அது காரை இருட்டிலிருந்து பிரித்துத் தந்தது.

அடுத்து மெருகு. கதவில் நெளிவு இருந்தது, நிமிர்த்தினேன். மட்கார்டில் துரு இருந்தது, எடுத்தேன். ஓட்டுநர் பக்கக் கைப்பிடிக்குக் கீழே மோதிரம் உரசி உரசி ஏற்பட்ட அரைவட்டத் தடம் ஒன்று இருந்தது. அதையும் எடுத்தேன். எல்லாம் போன பிறகு கார் பிளாஸ்டிக் பொம்மையாகிவிட்டது. ஆகவே என்னிடம் சேமிப்பில் இருந்த நுண்ணிய கீறல்களை எடுத்து உடல் முழுவதும் மிக லேசாகப் பரப்பினேன். உண்மையான கீறல்களை எடுத்துவிட்டுப் பொய்க் கீறல்கள். அதன் பிறகுதான் கார் உண்மையாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் அந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்தேன்.

ஒவ்வொரு சக்கரத்தின் சாய்வையும் கணினி ஒரு எண்ணாகக் காட்டும். மூன்று சக்கரங்களுக்கு அது சுழியத்தை ஒட்டி இருந்தது. இடது முன்சக்கரத்துக்கு நான்கு டிகிரி. மேல்பக்கம் என்ஜினை நோக்கி உள்ளே சாய்ந்து, வெளி விளிம்பு தரையை விட்டுச் சற்றே எழும்பியிருந்தது. அந்தப் பக்கம் படங்கள் குறைவு, தரையும் மண் தரை, புள்ளிகள் பிசகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எழுந்து போய் ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்றும் தோன்றியது. கொட்டகை எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடம். வெளியே தூறிக்கொண்டிருந்தது. போகவில்லை. நான்கை அழித்துவிட்டுச் சுழியம் போட்டேன். சக்கரத்துக்கு அடியில் நிழல் கறுத்தது. படம் முடிந்தது.

சிஸ்டரம்மா போனை எட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“கழுவி வெளிய நிறுத்துனார்னா இப்படித்தான் நிக்கும்,” என்றார். பிறகு, “கதவுல ஒரு கோடு இருக்குமே?”

“எடுத்துட்டேன் சிஸ்டர்.”

“ம்.”

படத்தை விற்பனைக்குப் போட்ட நான்காம் நாள் சேந்தமங்கலத்திலிருந்து ஒருவர் சிஸ்டரம்மாவை அழைத்தார். கல்யாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிறவர். படத்தைப் பார்த்தாராம். வேறு எதுவும் கேட்கவில்லையாம். வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, மனைவியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை காலை, சிஸ்டரம்மா கேட்டிருந்த பிரதி ஒன்றை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். காரைத் தள்ளி வாசலில் நிறுத்திக் கழுவியிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில், நேர் எதிரே நின்று அதைப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

இடது முன்சக்கரம் சாய்ந்திருந்தது. அளந்து பார்க்கத் தேவையே இல்லை. குனிந்து பார்த்தேன். டயரின் வெளிப்பாதியில் தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகள் புதிதுபோல இருந்தன. உள்பாதி தேய்ந்து வழவழவென்று இருந்தது. இது ஒரே நாளில் வந்த சாய்வு இல்லை. கடைசியாக ஓட்டிய காலத்திலேயே வந்துவிட்ட சாய்வு. கணினி பிசகவில்லை. அது பார்த்ததைச் சொன்னது. நான்தான் திருத்தினேன்.

“சிஸ்டர், இந்தச் சக்கரம் சாஞ்சிருக்கு. இதோட மலை இறங்கக் கூடாது.”

“ரொம்ப நாளா ஒரே இடத்துல நின்னதுல்லா, அதான். ஓடுனா சரியாயிரும்,” என்றார். துடைத்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.

முதல் பஸ்ஸில் சேந்தமங்கலத்துக்காரரும் மனைவியும் வந்து இறங்கினார்கள். அவர் வெள்ளைச் சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு. மனைவியின் கையில் மஞ்சள் பை, அதற்குள் எலுமிச்சை, கற்பூரம், வாழையிலையில் சுற்றிய மாலை. நான் யார் என்று தெரிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, படம் பண்ணுனது நீங்கதானுங்களா? எங்க ஊட்டுச் சொவுத்துல ஒட்டி வெச்சிருக்கறனுங்க.”

“ஆமாங்க,” என்றார் மனைவி. “காலைல எந்திரிச்சா அதத்தான் பாக்குறாரு. என்னைய ஒரு நாளு அப்படிப் பாத்திருந்தா நானும் பளபளன்னு இருந்திருப்பேன்.”

“உனக்கு வெளக்குப் போடறதுக்குக் கரண்டு பத்தாது கண்ணு.”

நான் சிரிக்கவில்லை. “இடது முன்சக்கரம் கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்குங்க. கீழே இறக்குறதுக்கு முன்னாடி சக்கர வேலை தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டிடலாம்,” என்றேன்.

‘மாதிரி’ என்ற சொல்லை எங்கள் செய்தி ஆசிரியர் கண்டால் அடித்துவிடுவார். சாய்ந்திருக்கிறதா, இல்லையா?

அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து என் படத்தைத் திறந்து அதன் பக்கத்தில் பிடித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“படத்துல நேரா நிக்குதுங்களே. இங்க வாசல் மேடுபள்ளமுங்க. அதான் அப்படித் தெரியுது.”

படத்தில் அதை நிமிர்த்தியது நான்தான். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். சிஸ்டரம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் நான் கொடுத்த பிரதி இருந்தது. அந்த மனிதர் இன்னும் என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

மனைவி நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சையாக வைத்தார். கற்பூரம் சுற்றினார். மாலையைக் காரின் மூக்கின் மேல் போட்டார். சிஸ்டரம்மா தள்ளி நின்று சிலுவை போட்டுக்கொண்டார். சேந்தமங்கலத்துக்காரர் சாவியைத் திருப்பியதும் என்ஜின் உடனே உறுமி எழுந்தது. மெக்கானிக் சொன்னது உண்மைதான். கார் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. மூன்று எலுமிச்சைகள் நசுங்கின. இடது முன்சக்கரத்தின் எலுமிச்சை மட்டும் சக்கரத்துக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் பிதுங்கி, தோல் உரசியதோடு உருண்டு வந்து என் செருப்பில் முட்டி நின்றது.

அவர் என்ஜினை அணைத்தார்.

“இன்னிக்கு வேண்டாமுங்க,” என்றார் மனைவி. குரல் மாறியிருந்தது. “அடுத்த வாரம் வந்து எடுத்துக்கலாமுங்க. பஸ்ஸு இருக்குதில்லீங்க.”

நான் அந்த எலுமிச்சையைக் கையில் எடுத்தேன். எதையும் பார்த்தால் காரணம் சொல்லிப் பழகியவன் நான். “பயப்படாதீங்க, சகுனமெல்லாம் இல்லைங்க,” என்றேன். “சக்கரம் சாஞ்சிருக்குல்ல, வெளி ஓரம் தரையில சரியா படியலை. அதான் பழம் வழுக்கி வெளியே வந்துருச்சு.”

எச்சரிக்கையாகத்தான் சொன்னேன். கணவரின் முகம் தெளிந்தது.

“கேட்டியா கண்ணு? சாரே சொல்றாரு. சகுனமில்லையாம். சாய்வுல வழுக்கிருச்சாம். அவ்ளோதான்.”

“நெசமாலுமாங்க?” என்று மனைவி என்னைக் கேட்டார்.

“வழுக்கினது நெசம்தாங்க. ஆனா சாய்வுதான்...”

“அப்பறம் என்ன?” என்றார் அவர். காரைப் பின்னால் எடுத்தார். இறங்கி வந்து பையிலிருந்து இன்னொரு எலுமிச்சையை எடுத்து, இந்த முறை சக்கரத்தின் உள்பக்கமாகத் தள்ளி வைத்தார். வெளிப்பக்கம் நழுவாமல் இருக்க ஒரு கூழாங்கல்லை முட்டுக் கொடுத்தார். தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். விளக்கை நகர்த்திவிட்டு நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

கார் நகர்ந்தது. எலுமிச்சை நசுங்கிச் சாறு தெறித்தது. மனைவி நிம்மதியாக மூச்சு விட்டார். சிஸ்டரம்மாகூடச் சிரித்துவிட்டார்.

“அக்கா வேணும்னா பஸ்ல வரட்டுங்களே,” என்றேன்.

“நல்லா சொன்னீங்க. பஸ்ஸுல வாரதுக்கா காரு வாங்குனோம்?” என்று சொல்லி மனைவி முன் இருக்கையில், இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். சக்கரம் அந்த இருக்கைக்குச் சற்று முன்னால், அவர் கால் நீட்டும் இடத்துக்கு அப்பால் இருந்தது. மீதியிருந்த ஒரு எலுமிச்சையை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் என் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஏன் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. செம்மேடு தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. சோளக்காட்டைக் கடந்து வளைவுகள் தொடங்கியதும் தெரிந்தது. வலது பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் காரின் எடை முழுவதும் இடது முன்சக்கரத்தின் மேல் இறங்கியது. அப்போதெல்லாம் அது நான்கு டிகிரி இல்லை. எவ்வளவு என்று பின்னாலிருந்து சொல்ல முடியாது. மட்கார்டின் விளிம்புக்குள் சக்கரத்தின் மேல்பாகம் மறைந்து மறைந்து வெளியே வந்தது. வளைவு முடிந்ததும் மீண்டும் ஒழுங்காக நின்றது.

வளைவுகளுக்கு எண் பலகை உண்டு. எண்கள் குறைந்துகொண்டே வந்தன. ஐம்பதைத் தாண்டியபோது ரப்பர் கருகும் வாசனை வந்தது. ஹாரன் அடித்தேன். வாழ்த்துகிறேன் என்று நினைத்து அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். திரும்பவும் அடித்தேன். அவரும் தன் ஹாரனை அடித்தார். பழைய ஹாரன், நல்ல கனமான குரல். எதிரே ஏறி வந்த பஸ்ஸுக்கு வழிவிட அவர் இடது ஓரம் ஒதுங்கினார். சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே ஒரு சாண். சுவருக்கு அப்பால் மரங்களின் உச்சிகள். பஸ்ஸில் இருந்தவர்கள் மாலை போட்ட காரைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

முந்திப் போய் மறித்திருக்கலாம். அதற்குப் போதிய அகலம் இரண்டு இடங்களில் இருந்தது. முதல் இடத்தில் யோசித்தேன். இரண்டாவதில் எதிரே லாரி வந்தது.

காரவள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். சமதளம். டீக்கடைக்கு எதிரே நிறுத்துவதற்காக அவர் ஸ்டியரிங்கை முழுக்க வளைத்தார். ஆள் நடக்கும் வேகத்தைவிடக் குறைவான வேகம். விறகு முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. காரின் இடது மூலை தரையில் உட்கார்ந்தது. சக்கரம் தட்டையாக மடிந்து உடலுக்கு அடியில் போனது. மாலை நழுவி மண்ணில் விழுந்தது.

யாருக்கும் அடி இல்லை. மனைவி கதவைத் திறக்க முயன்றார். கதவின் கீழ் ஓரம் தரையில் குத்தி நின்றது. ஓட்டுநர் பக்கமாக நகர்ந்து வெளியே வந்தார். எலுமிச்சை இன்னும் கையில் இருந்தது.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒருவர் ஜாக்கியோடு வந்து, காரைத் தூக்கி, உடைந்த துண்டை வெளியே எடுத்தார். சக்கரத்தைப் பிடித்து நிற்கும் தடித்த இரும்புக் குச்சி. கிங் பின் என்பார்கள். முறிந்த முகத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். முக்கால்வாசிக்கு மேல் பழைய துரு, காப்பித் தூளின் நிறத்தில். ஒரு நகத்தளவு இடம் மட்டும் புதிதாகப் பளபளத்தது. எழுபது வளைவுகளிலும் அந்த நகத்தளவு இரும்புதான் காரை இறக்கிவிட்டிருந்தது.

“எங்கிருந்துங்க வர்றீங்க?” என்று அந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக் கேட்டார்.

சேந்தமங்கலத்துக்காரர் மலையைக் கையால் காட்டினார். மெக்கானிக் மலையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், துண்டை டீக்கடை பெஞ்சின் மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீயைக் குடிக்கவில்லை. அதில் ஆடை கட்டிவிட்டது. கணவரிடம் கையை நீட்டி போனை வாங்கி, என் படத்தைத் திறந்து, இரண்டு விரல்களால் பெரிதாக்கினார். இடது முன்சக்கரம் திரை முழுக்க வந்தது. அடியில் நல்ல கறுப்பு நிழல்.

“இதுல எப்படிங்க நேரா இருக்குது?”

“நான்தாங்க நிமிர்த்தினேன்.”

அவர் கணவர் திரும்பிப் பார்த்தார்.

“எத்தனை நேரம் ஆச்சுங்க அதுக்கு?” என்று மனைவி கேட்டார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ள விரும்பியே கேட்டார்.

“ஒரு நிமிஷங்கூட ஆகலைங்க. ஒரு எண்ணை அழிச்சுட்டு இன்னொரு எண்ணைப் போட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். சேந்தமங்கலம் போகும் பஸ் வந்து நின்றது. “நீ முன்னால போ கண்ணு, நான் இதைப் பாத்துட்டு வாரேன்,” என்றார் கணவர். மனைவி போனை அவரிடம் கொடுத்துவிட்டு, எலுமிச்சையைப் பெஞ்சின் மேல், அந்த இரும்புத் துண்டின் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறிப் போனார்.

நான் திரும்பி மலை ஏறினேன். வளைவுகளில் ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்து, சுழியத்தை அழித்துவிட்டு நான்கைப் போட்டேன். வெளிச்சக் கோடு வந்தது. அந்தப் படத்தைச் சிஸ்டரம்மாவுக்கும் சேந்தமங்கலத்துக்காரருக்கும் அனுப்பினேன். இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

பத்து நாட்கள் கழித்து, நான் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் என் படத்தைப் போட்டிருந்தார். முதல் படம், கறுப்பு நிழல் உள்ளது. கீழே, கார் விற்பனைக்கு, நல்ல நிலையில் உள்ளது, நேரில் வந்து ஓட்டிச் செல்லலாம் என்று எழுதியிருந்தது. அதில் இருந்தது எனக்குத் தெரியாத எண். அதை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.